தஞ்சைக்கு ஒரு கல்விச் சுற்றுலா: காவிரியின் வழியே ஒரு பயணத் திட்டம்

எங்கள் பள்ளி திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தஞ்சாவூருக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் அழைத்துச் செல்வதற்கான திட்டத்தைச் சமூக அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் நான் வகுத்து வருகிறேன். இத்தகைய பயணத்தை ஏற்பாடு செய்யும் பிற ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், எந்த இடத்தை எதற்காகச் சேர்த்தேன், எதை ஏன் விட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரும்பாலான கல்விச் சுற்றுலாக்களில் நடப்பது என்ன என்பது ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரியும். இரண்டு நாளில் பதினைந்து இடங்கள் என்று சுற்றறிக்கை போகும். பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் பேருந்தில் ஏறுவார்கள். ஊர் திரும்பியதும் எந்தக் கோயிலை எந்த அரசன் கட்டினான் என்று கேட்டால், எல்லாவற்றையும் ராஜராஜன் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். இடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே இதற்குத் தீர்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படிக் குறைத்த இடங்களையும் ஏதேனும் ஒரு கேள்வி கோத்து நிற்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டி, அதில் நூற்றுக்கணக்கானவர்களைப் பணியில் அமர்த்தி, அவர்களுக்கு ஆண்டுதோறும் ஊதியம் அளப்பதற்கு வேண்டிய செல்வம் எங்கிருந்து வந்தது? போரில் கிடைத்த பொன்னும் வெள்ளியும் பதிலின் ஒரு பகுதிதான். மற்றொரு பகுதி தண்ணீரிலும் நெல்லிலும் இருக்கிறது. ஆகவே பயணம் பெரிய கோயிலில் தொடங்காமல் கல்லணையில் தொடங்குகிறது.

காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்து ஜனவரி 28 அன்று அடைப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதிகள் மாறுவதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மார்ச்சுக்குப் பிறகு கோயில் முற்றங்களில் வெறுங்காலோடு நடக்க முடியாது, பொதுத்தேர்வுப் பணிகளும் தொடங்கிவிடும். பொங்கல் விடுமுறை முடிந்து குடியரசு தினத்துக்கு முன்பாக வரும் ஒரு வார காலத்தில், ஆற்றில் தண்ணீரும் இருக்கும், வயலில் சம்பா அறுவடையும் நடந்துகொண்டிருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். மாலை அணிந்து வரும் யாத்திரிகர் கூட்டமும் அதற்குள் குறைந்துவிடும். நாளைக் குறிக்கும் முன் நாட்காட்டியில் பிரதோஷம் எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்வது மிகவும் அவசியம். பெரிய கோயில் நந்திக்கு அபிஷேகம் நடைபெறும் அந்த மாலையில், மாணவர் குழுவை ஒன்றாக வைத்துக்கொள்வதே பெரும்பாடாகிவிடும். இவற்றையெல்லாம் கருதி, வெள்ளி விடியற்காலையில் புறப்பட்டு, இரண்டு இரவுகள் தஞ்சையில் தங்கி, ஞாயிறு காலையில் திரும்புவது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் இரவும் தங்குவதால் செலவு கூடுகிறது என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சிலர் கருத்துத் தெரிவித்தனர். அவர்கள் சொன்னது நியாயமே. ஆனால் சனிக்கிழமை மாலை, நாங்கள் கடைசியாகப் பார்க்கும் இடமான தாராசுரத்திலிருந்து புறப்பட்டால் ஊர் வந்து சேர நள்ளிரவு நெருங்கிவிடும். காலை முதல் வண்டி ஓட்டிய ஓட்டுநரை நம்பி, உறங்கும் பிள்ளைகளுடன் இரவு நெடுஞ்சாலையில் வருவதற்கு நான் ஒப்பவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பேருந்து ஓடக்கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைத் திட்டமிட்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், திருச்சி வழியாகக் காலை எட்டரை மணி அளவில் கல்லணையை அடையலாம். கரிகாலன் கட்டியது என்று பாடநூலில் ஒரு வரியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, அங்கே காணும் மதகுகளும் பாலமும் ஆங்கிலேயர் காலத்தவை என்பதை முதலில் விளக்க வேண்டும். பழைய அணை அவற்றுக்கு அடியில் இருக்கிறது. ஏறத்தாழ 329 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 5.4 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கட்டுமானம், மணற்படுகையில் பாறைகளை இட்டு, அவை தம் எடையால் தாமே அமிழ்ந்து நிலைகொள்ளும்படி மேன்மேலும் அடுக்கி எழுப்பப்பட்டது. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் முறையை இங்கிருந்தே கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பதிவு செய்திருக்கிறார். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் ஆகிய நான்கும் பிரியும் இடத்தில் நின்று, எந்த நீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒவ்வொரு மாணவரும் தம் குறிப்பேட்டில் வரைய வேண்டும். கல்லணைக் கால்வாயை இங்குள்ளவர்கள் புது ஆறு என்கிறார்கள். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934-ஆம் ஆண்டை ஒட்டி வந்தது அது. வெள்ளம் வரும்போது உபரி நீரைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டு, விளைநிலத்துக்குப் போகும் ஆறுகளைக் காப்பதுதான் இந்த அணையின் வேலை. இதைக் கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்கினாலும் புரியாத பிள்ளைக்கு, மதகுப் பாலத்தின் மேல் ஐந்து நிமிடம் நின்றால் புரிந்துவிடும்.

இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு: எவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது. மதகுகளுக்குக் கீழே நீரின் இழுப்பும் சுழலும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. படித்துறையில் இரண்டு ஆசிரியர்கள் நிற்பார்கள் என்பதையும் அவர்கள் யார் யார் என்பதையும் திட்டத் தாளிலேயே பெயரோடு எழுதிவிட்டேன். பொறுப்பு எல்லோருக்கும் பொது என்று விட்டுவிட்டால் அது யார் தலையிலும் இருக்காது.

கல்லணையிலிருந்து தஞ்சை வரை உள்ள சாலையும் இப்பயணத்தின் ஒரு பாடமே. இரு பக்கமும் வயல்கள், வாய்க்கால்கள், அறுவடை இயந்திரங்கள், சாலையோரத்தில் காயும் நெல், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன் அடுக்கிய மூட்டைகள் என்று காட்சி மாறிக்கொண்டே வரும். கொள்முதல் நிலையம் ஒன்றில் முன்கூட்டியே அனுமதி பெற்று, இருபது நிமிடம் இறங்கிப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு மூட்டை எத்தனை கிலோ, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்று விவசாயிகளிடம் பிள்ளைகளே கேட்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏக்கரும் சென்ட்டும் அறிவார்கள். மா, வேலி என்ற கணக்கை அவர்கள் கேட்டதில்லை. டெல்டாவில் அது இன்றும் வழக்கில் இருக்கிறது. இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர். இந்தக் கணக்கை அன்று மாலையே கல்வெட்டில் மீண்டும் காண்பார்கள் என்பதற்காகத்தான் இந்த இருபது நிமிடத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நண்பகலில் கோயில்களுக்குப் போவதில் பயனில்லை. நடை சாத்தப்பட்டிருக்கும், ஜனவரியிலும் கருங்கல் தளம் காலைச் சுடும். எனவே இரண்டு நாளும் நடுப்பகல் நேரத்தைக் கூரையுள்ள இடங்களுக்கு ஒதுக்கினேன். முதல் நாள் அது அரண்மனை வளாகம். கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்த பிறகு, சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்துக்குச் செல்லலாம். நாயக்கர் காலத்தில் தோன்றி, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரால் பெரிதும் வளர்க்கப்பட்டு, 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நூலகம் இது. ஓலைச்சுவடிகளைப் பிள்ளைகள் மரியாதையோடு பார்ப்பார்கள். ஆனால் அவர்களைக் கண்ணாடிப் பெட்டியின் முன் நிறுத்தி வைப்பவை, மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் ஒப்பிட்டு பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ புரூன் வரைந்த படங்கள்தான். தஞ்சை மன்னர் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து எதையெல்லாம் வரவழைத்துப் படித்திருக்கிறார் என்ற வியப்பை அங்கிருந்து தொடங்கிவிடலாம். அரசு சார்ந்த காட்சிக்கூடங்களுக்கு வாராந்திர விடுமுறை நாள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், பயண நாளை உறுதி செய்யும் முன் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாலை நான்கு மணிக்குப் பெரிய கோயில். இங்கே மூன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். சக ஆசிரியர்கள் சிலர் அது அதிகம் என்றார்கள். எனக்கு அது குறைவாகவே தோன்றுகிறது. கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் என இரண்டையும் நிதானமாகக் கடந்து உள்ளே போனதும், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையைச் சொல்லிவிட்டு, நிழல் எங்கே என்று தேடச் சொல்ல வேண்டும். சுமார் 216 அடி உயர விமானத்தின் நிழல், மாலை வெயிலில் முற்றத்தின் வடகிழக்குப் பக்கமாக நீண்டு கிடக்கும். எழுதப்பட்டதையும் சொல்லப்பட்டதையும் தம் கண்ணால் சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. உச்சிக்கல் ஒரே கல்லால் ஆனது என்ற செய்தியும் இவ்வாறே பரவியதுதான். அது பல கற்களை இணைத்து அமைத்தது. முற்றத்தில் இருக்கும் பெரிய நந்தி ராஜராஜன் வைத்ததன்று, நாயக்கர் காலத்தது என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு கோயிலுக்குள் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.

பிறகு கல்வெட்டுகள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரிசை வரிசையாக ஓடும் எழுத்துகளில், முதலில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற தொடக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எழுத்துகளுக்குப் புள்ளி இல்லாததைக் கவனிக்கச் செய்து, தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்க விட வேண்டும். தாம் கொடுத்ததையும், தம் அக்கன் குந்தவை கொடுத்ததையும், தம் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்லி ஆணையிட்ட ராஜராஜன், கோயிலில் ஆடும் பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் வீடு கொடுத்த விவரத்தையும் பொறித்து வைத்திருக்கிறார். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறிப்பு உண்டு. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று அவர்கள் வந்த ஊர்களை மாணவர்கள் வரைபடத்தில் குறிக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைவாகிய நூறு கலம் (பழைய முகத்தல் அளவு) நெல். காலையில் வயலோரத்தில் கேட்ட வேலிக் கணக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடல் மகளின் ஆண்டு ஊதியமாகக் கல்லில் எழுதப்பட்டிருப்பதை அவர்கள் உணரும் அந்த நேரத்துக்காகவே இந்தப் பயணம் முழுவதையும் இப்படி வரிசைப்படுத்தினேன். நானூறு வேலி என்றால் எத்தனை ஏக்கர், அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டால், கல்லணையும் பெரிய கோயிலும் தாமாகவே இணைந்துவிடும்.

கோயில்களைப் பற்றித் திட்டமிடும்போது பேசத் தயங்கும் இரண்டு விஷயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதலாவது, வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவை வழிபாடு நடைபெறும் இடங்கள். அதே நேரத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். கருவறைக்குச் செல்வது அவரவர் விருப்பம் என்றும், பாடம் முழுவதும் முற்றத்திலும் சுவர்களிலும்தான் நடைபெறும் என்றும் பெற்றோர் ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்கிறேன். இரண்டாவது, மாதவிடாய் நாளில் கோயிலுக்குள் வரத் தயங்கும் மாணவியர் இருப்பார்கள். அவர்களிடம் காரணம் கேட்காமல், உள்ளே வாருங்கள் என்று வற்புறுத்தாமல், வெளிவாயிலில் ஓர் ஆசிரியை அவர்களோடு இருந்து வாயில் சிற்பங்களை வரையச் செய்வார். அணையாடைகள் இரண்டு ஆசிரியைகளின் பைகளிலும் இருக்கும். இந்த ஓர் ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட பிறகுதான் பெண்பிள்ளைகளை அனுப்பலாமா என்று தயங்கிய சில தாய்மார்கள் கையொப்பமிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்கிறோம். முந்தைய நாள் மாலையில் நிமிர்ந்து நின்ற விமானத்தைப் பார்த்த கண்களுக்கு, ராஜேந்திரன் கட்டிய விமானத்தின் உள்வளைந்த கோடு உடனே தெரியும். தந்தையின் கோயிலையும் மகனின் கோயிலையும் அடுத்தடுத்த நாளில் பார்ப்பதன் பயன் இதுதான். வடக்கு வாயிலை ஒட்டிய சண்டேசுவர அனுக்கிரக மூர்த்திச் சிற்பத்தின் முன் பத்து நிமிடமாவது அமைதியாக நிற்க வேண்டும். பக்தனின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிவிடும் சிவனின் கைகளையும், குனிந்து ஏற்கும் சண்டேசரின் முகத்தையும் அவசரமாகப் பார்ப்பது நமக்கே இழப்பு. ராஜேந்திரனின் அரண்மனை இருந்த மாளிகைமேடு அங்கிருந்து அருகில்தான். அரண்மனையில் எஞ்சியிருப்பவை அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்கள் மட்டுமே. அரசன் குடியிருந்த வீடு செங்கல்லாலும் கடவுளுக்கு எடுத்த வீடு கருங்கல்லாலும் இருந்ததை மாணவர்களே கண்டு சொல்லட்டும். கங்கை நீரைக் கொண்டுவந்து வார்த்து, நீர்மயமான வெற்றித்தூணாக ராஜேந்திரன் அமைத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் புகழும் சோழகங்கம் ஏரியையும், இன்று பொன்னேரி என்ற பெயரில், போகிற வழியில் பார்த்துவிடலாம்.

திரும்பும் வழியில் அணைக்கரையில் பேருந்தை நிறுத்துவது எந்தச் சுற்றுலா நிறுவனத்தின் பட்டியலிலும் இருக்காது. என் திட்டத்தில் அது முக்கியமான இடம். அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் கற்களைப் பெயர்த்தெடுத்துப் பயன்படுத்தினார்கள். நெல்லும் நீரும் எழுப்பிய கோயிலின் கற்கள் மீண்டும் நீரைத் தடுக்கப் போய்ச் சேர்ந்தன. அது சரியா, தவறா? பாசனத்தால் பிழைத்த குடும்பங்களின் பக்கம் நின்று ஒரு குழுவும், இழந்த கோபுரத்தின் பக்கம் நின்று மற்றொரு குழுவும் பேருந்திலேயே வாதிடலாம். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது. அணைக்கரைப் பழைய பாலத்தில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு வந்திருப்பதால், பேருந்து செல்லும் வழியை ஓட்டுநரிடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கும்பகோணத்தில் மதிய உணவு முடிந்ததும் சுவாமிமலை. கும்பகோணத்தின் கோயில்கள் எதையும் சேர்க்கவில்லை. அந்த ஊருக்குத் தனியாகவே ஒரு பயணம் வேண்டும். சுவாமிமலையில் சிற்பக்கூடம் ஒன்றில், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வது, அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசுவது, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றுவது, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது ஆகிய படிநிலைகளைப் பார்க்கலாம். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆகையால் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. உருவத்தின் அளவுகளைத் தென்னை ஓலையை மடித்துக் குறித்துக்கொள்ளும் ஒடியோலை முறையை ஸ்தபதியார் செய்து காட்டும்போது, கணிதத்தில் பின்னம் கண்டு அஞ்சும் பிள்ளையும் அருகே வந்துவிடும். மிக மென்மையான அந்த வண்டல் மண்ணைத் தந்ததும் கல்லணையில் பார்த்த அதே ஆறுதான் என்பதை நான் சொல்ல மாட்டேன். எந்தக் குழு முதலில் சொல்கிறது என்று பார்க்கப் போகிறேன். உலோகம் வார்ப்பது அன்றாடம் நடப்பதில்லை என்பதால் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, வார்ப்பு நடந்தால் பிள்ளைகளை எட்ட நிறுத்தியே காட்ட வேண்டும்.

மாலையில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் எடுத்த இந்தக் கோயிலில் தேர் வடிவ மண்டபத்தின் முன் எல்லோரும் படம் எடுப்பார்கள், எடுக்கட்டும். அதன் பிறகு, சுவரின் அடிப்பகுதியில் உள்ள அடியார் வரலாற்றுச் சிற்பங்களை முழங்காலிட்டுத்தான் பார்க்க முடியும், அவ்வளவு சிறியவை. பல சிற்பங்களுக்கு மேலே சிறு குறிப்புகளும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழாசிரியர் உடன் வருவதால் இந்த ஒன்றரை மணி நேரத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

தங்குமிடத்துக்கு விடுதி அறைகளைவிடத் திருமண மண்டபமே எங்களுக்குப் பொருத்தமாக இருந்தது. மாணவியர் மாடியிலும் மாணவர் கீழ்த்தளத்திலும் தனித்தனியே படுக்கலாம். சமையலறையும் இருப்பதால் கூட வரும் சமையலர் இரவுச் சாப்பாட்டைச் சூடாகத் தருவார். கழிப்பறைகளின் எண்ணிக்கையையும் தண்ணீர் வசதியையும் நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பேருந்தின் தகுதிச் சான்று, காப்பீடு, அனுமதிச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தலைமையாசிரியரின் கடிதத்துடன் இணைத்து, முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளின் பங்கை முன்னாள் மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் யார் யார் என்பது தலைமையாசிரியரைத் தவிர எவருக்கும் தெரியாது.

வேறு திசையிலிருந்து வருபவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாமல் போகலாம். சென்னை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வரும் குழுக்கள் கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்கி, அணைக்கரை, சுவாமிமலை, தாராசுரம் பார்த்துத் தஞ்சையில் தங்கி, இரண்டாம் நாள் காலையில் பெரிய கோயிலும் நண்பகலில் அரண்மனையும் பார்த்துவிட்டுக் கல்லணையில் முடிக்கலாம். அப்படிச் செய்தால் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும்: முதலில் கோயில், பிறகு அதில் எழுதிய நெல், கடைசியில் அந்த நெல்லுக்கு நீர் வந்த வழி.